ஷேடோஸில் எந்தக் கோட்டைக்குள் போனாலும் பிடிபடுகிறேன்: என்ன செய்வது?

கேள்வி: அசாசின்ஸ் கிரீட் தொடரின் பழைய விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாக ஆடி வருகிறேன். பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில் நடக்கும் புதிய ஷேடோஸில், நிஞ்ஜாப் பெண்ணான நவோயேவை வைத்துக்கொண்டு எந்தக் கோட்டைக்குள் நுழைந்தாலும் சில நிமிடங்களிலேயே காவலர்கள் பார்த்துவிடுகிறார்கள். பின்பக்கமாகப் போய்க் குத்தினாலும் சிலர் சாவதில்லை. கடைசியில் சாமுராய் யாசுகேவுக்கு மாறிச் சண்டை போட்டுத்தான் முடிக்கிறேன். குறை என் ஆட்டத்திலா, விளையாட்டிலா? ஸ்டெல்த் (மறைந்து ஆடுவது) மட்டுமே பிடித்த ஒருவர் இதைத் தொடர்ந்து ஆடலாமா?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு வேறு சிக்கல்கள் கலந்திருக்கின்றன. காவலர்கள் உங்களைப் பார்த்துவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம், முந்தைய விளையாட்டுகளிலிருந்து கையோடு வந்த பழக்கம். குத்துப்பட்டவர் சாகாமல் திரும்பி நிற்பதற்குக் காரணம், விளையாட்டின் லெவல் கணக்கு. முன்னதைப் பொறுமையாகப் பழகித்தான் மாற்ற முடியும். பின்னதைச் செட்டிங்ஸுக்குள் சென்று உடனே சரிசெய்துவிடலாம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2017-இல் வந்த ஆரிஜின்ஸ் தொடங்கி இந்தத் தொடர் ஆர்பிஜி (பாத்திரத்தின் லெவலையும் திறன்களையும் வளர்த்து ஆடும் வகை) பாதைக்கு மாறியது. எதிரி உங்களைவிட உயர்ந்த லெவலில் இருந்தால் மறைவாகச் சென்று குத்தியும் அவர் உயிர் பிழைப்பார் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது. ஷேடோஸிலும் அதே கணக்குதான். எதிரியின் உயிர்ப்பட்டை துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். உங்கள் குத்து அவற்றில் எத்தனை துண்டுகளைப் பறிக்கும் என்பது நீங்கள் வளர்த்திருக்கும் திறன்களைப் பொறுத்தது. ஆனால், மறைவாகக் குத்தினால் எதிரி கட்டாயம் சாவார் என்று ஆக்கிவிடும் தேர்வு ஒன்று விளையாட்டு அமைப்புகளில் இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் அதை எவ்விதத் தயக்கமும் இல்லாமல் இயக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதனால் விளையாட்டு எளிதாகிவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஸ்டெல்த் விளையாட்டில் கடினமாக இருக்க வேண்டியது எதிரியின் முதுகுவரை போய்ச் சேரும் வழியே தவிர, போய்ச் சேர்ந்தபின் எழும் எண் கணக்கு அல்ல. அந்தத் தேர்வு வேண்டாம் என்றால், கிடைக்கும் திறன் புள்ளிகளை வேறு எதிலும் சிதறவிடாமல், முதலில் மறைவுக் கொலைக்கு உரிய திறன் கிளையிலேயே செலவிடுங்கள். மேல்நிலைத் திறன்கள் லெவல் ஏறுவதால் மட்டும் திறப்பதில்லை. கோயில்களில் வழிபடுதல், குஜி-கிரி தியானம் போன்றவற்றால் சேரும் அறிவுப் புள்ளிகளும் தேவை. போர் மட்டுமே செய்துகொண்டு போகிறவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி, பிடிபடுவதைப் பற்றி. முந்தைய பல விளையாட்டுகளில் ஒளிந்துகொள்வது என்றால் புதருக்குள் உட்கார்வதுதான். புதருக்குள் இருந்தால் நண்பகலிலும் உங்களைக் காணமாட்டார்கள், புதரை விட்டு வெளியே வந்தால் நள்ளிரவிலும் கண்டுவிடுவார்கள். ஷேடோஸ் அந்த விதியோடு ஒளியையும் சேர்த்துக்கொண்டது. நவோயே இருளில் நிற்கும்போது காவலரின் பார்வை அவளை எட்டும் தொலைவு வெகுவாகக் குறைகிறது. விளக்கு வெளிச்சம் அவள் மேல் விழும் கணத்தில் அது மீண்டும் நீள்கிறது. அவள் எந்த அளவுக்குத் தெரிகிறாள் என்பதைக் காட்டும் குறி திரையிலேயே இருக்கிறது. பழைய விளையாட்டுகளில் மினிமேப்பை (திரை மூலையில் இருக்கும் சிறு வரைபடத்தை) பார்த்த அளவுக்கு இனி அந்தக் குறியைப் பாருங்கள். பகலில் கோட்டைக்குள் நுழைகிறவர், இந்த விளையாட்டு கொடுத்த மிகச் சிறந்த கருவியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார் என்பதுதான் உண்மை.

இருள் தானாகக் கிடைப்பதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அதை நீங்களே உண்டாக்கலாம். எண்ணெய் விளக்கையும் மெழுகுவர்த்தியையும் அருகில் சென்று அணைக்கலாம், தொலைவில் தொங்கும் விளக்கை ஷூரிக்கென் (எறியும் சிறு கூர்தகடு) எறிந்து உடைக்கலாம். ஓர் உள்முற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு விளக்கு, அதன் அடியில் பேசிக்கொண்டு நிற்கும் இரண்டு காவலர்கள், மேல் தாழ்வாரத்தில் வில்லோடு ஒருவர், பக்கத்து அறையிலிருந்து வந்து போகும் பணிப்பெண் ஒருத்தி. பழைய பழக்கத்தில் ஆடுகிறவர் முதலில் அந்த இரண்டு காவலர்களை நோக்கித்தான் போவார், மேலிருப்பவர் பார்த்துவிடுவார். இங்கே முதலில் முடிக்க வேண்டியது மேல் தாழ்வாரத்து வில்லாளியை. அவர்தான் முற்றம் முழுவதையும் பார்க்கிறார். அவரை முடித்து, உடலைத் தாழ்வார விளிம்பில் விடாமல் உள்ளே தூக்கிச் சென்று போட்டுவிட்டு, அங்கிருந்தே முற்றத்து விளக்கை உடைக்க வேண்டும். அதன்பின் கீழே இறங்கி, தரையோடு தரையாகப் படுத்து ஊர்ந்து போனால், முன்பு கடக்கவே முடியாத அந்த வெட்டவெளி ஒரு பாதையாக மாறியிருக்கும். இப்படிப் படுத்து ஊரும் வசதி இந்தத் தொடரில் முதன்முறையாக வந்திருக்கிறது. குட்டையான செடி வரிசையும் இதனால் மறைவிடமாகிறது. பணிப்பெண்ணைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவளை மறந்துவிடவும் கூடாது. அவள் பார்த்தால் ஓடிப்போய்க் காவலரிடம் சொல்வாள். மயக்கமடையச் செய்து ஓரமாக விட்டுவிடலாம், அல்லது அவள் உள்ளே போகும்வரை காத்திருக்கலாம். நான் எப்போதும் காத்திருப்பதையே தேர்ந்தெடுக்கிறேன், ஏனெனில் ஆட்கள் எங்கே நின்று எங்கே திரும்புகிறார்கள் என்பதைக் கற்றுக்கொள்ள அந்த நேரம் உதவுகிறது.

ஒலியும் ஒளிக்கு நிகரானது. கட்டடங்களுக்குள் சில இடங்களில், மிதித்தால் கிறீச்சிடும்படி அமைத்த மரத்தரை இருக்கும். ஓடினால் அடுத்த அறைக்காரருக்குக் கேட்டுவிடும், குனிந்து மெதுவாக நடக்க வேண்டும். இது விளையாட்டுக்காகக் கற்பனை செய்தது அன்று. கியோட்டோவின் நிஜோ கோட்டையில் இத்தகைய தரையை இன்றும் காணலாம். காகிதக் கதவுகளுக்குப் பின்னால் நிற்பவரின் நிழலுருவம் உங்களுக்குத் தெரிவது போலவே உங்கள் நிழலுருவமும் அவருக்குத் தெரியக்கூடும் என்று எண்ணிக்கொண்டு நடப்பது நல்ல பழக்கம்.

பருவத்தைப் பலர் கண்ணுக்கு அழகான பின்னணியாக மட்டும் கருதிவிடுகிறார்கள். கோடையில் உயர்ந்து நிற்கும் புல் குளிர்காலத்தில் இராது. நீருக்குள் மூழ்கி மூங்கில் குழல் வழியே மூச்சு விட்டுக்கொண்டு மறைந்திருந்த அதே குளம், குளிர்காலத்தில் உறைந்து வெறும் வெளியாகிவிடும். கூரை விளிம்பில் ஏறினால் தொங்கும் பனிக்கூர்கள் முறிந்து விழுந்து ஓசை எழுப்பும். அதற்கு ஈடாக மழையும் புயலும் உங்கள் காலடி ஓசையை விழுங்கிக்கொள்ளும். ஒரு கோட்டை ஒரு பருவத்தில் வசப்படவில்லை என்றால் அடுத்த பருவம்வரை அதை ஒத்திப்போடுவது தோல்வி ஆகாது. பருவம் மாறும்போது கோட்டைகளில் காவலர்கள் மீண்டும் நிரம்புவார்கள் என்பதையும் நினைவில் வைத்து, பாதி முடித்த கோட்டையை விட்டுவிட்டுப் பருவத்தை மாற்றாமல் இருங்கள்.

நுழைவதற்கு முன் வெளியே நிற்கும் நேரம் இந்த விளையாட்டில் வீண் இல்லை. பெரிய கோட்டைகளின் மையக் கோபுரத்தில் உள்ள, உயர்தரப் பொருட்கள் கொண்ட பெட்டியைத் திறக்க, அங்குள்ள டைஷோ எனும் மேல்நிலைச் சாமுராய்கள் அனைவரையும் வீழ்த்தியாக வேண்டும். அதனால் அருகிலுள்ள உயரமான கூரையிலோ மரத்திலோ இருந்துகொண்டு அவர்கள் யார், எங்கே உலவுகிறார்கள் என்று முதலில் அடையாளம் காணுங்கள். கொக்கிக்கயிறு நவோயேவுக்கு மட்டும் உரிய வசதி. மதிலைத் தாண்டி உள்ளே போகும் கருவி என்பதைவிட, மாட்டிக்கொண்டால் வெளியேறும் கருவியாக அதை எண்ணிக்கொண்டு, எந்தக் கூரை அருகில் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். கண்டுவிட்டார்கள் என்றால் நின்று சண்டையிடாமல் புகைக்குண்டை எறிந்துவிட்டு உடனே மேலேறி, அவர்கள் தேடி ஓயும்வரை இருட்டில் கிடப்பதுதான் இந்த விளையாட்டின் இயல்புக்கு ஒத்த ஆட்டம். கண்ணில் பட்டவுடனே பழைய சேமிப்பிலிருந்து மீண்டும் தொடங்குகிறவர்கள், ஷேடோஸின் மிகச் சுவையான பகுதியை, அதாவது தப்பித்து மறைந்து திரும்பி வருவதை, ஆடாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

யாசுகேவைப் பற்றி நீங்கள் குற்ற உணர்வோடு எழுதியிருப்பதாகத் தோன்றுகிறது. அதற்குத் தேவையில்லை. 1579-இல் ஏசு சபைப் பாதிரியார் வாலிஞானோவுடன் ஜப்பானுக்கு வந்து, பின்னர் அக்காலப் போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவின் பணியில் சேர்ந்த ஆப்பிரிக்கர் அவர், வரலாற்றில் வாழ்ந்தவர். நவோயே, 1581-இல் நொபுனாகாவின் படைகள் சூறையாடிய இகா பகுதியைச் சேர்ந்த கற்பனைப் பாத்திரம். எதிரெதிர் பக்கங்களிலிருந்து வந்த இருவரையும் ஒருவர் செய்வதை மற்றவரால் செய்ய முடியாதபடி கியூபெக் நகரத்து யுபிசாஃப்ட் குழு வேண்டுமென்றே வடிவமைத்திருக்கிறது. யாசுகேவால் நவோயேவைப் போல உயரங்களில் ஏற முடியாது. அவர் நடந்தாலே ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் பூட்டிய கதவை உடைத்துக்கொண்டு போவார், நவோயேவை இரண்டு மூன்று அடியில் வீழ்த்திவிடும் கவசவீரரை நேருக்கு நேர் சமாளிப்பார். கதை கட்டாயப்படுத்தும் நேரடிச் சண்டைகளுக்கும், சாலையில் எதிர்ப்படும் கும்பல்களுக்கும் அவரை வைத்துக்கொண்டு, கோட்டைகளை நவோயேவிடம் விடுங்கள். ஆளை மாற்றுவதாக இருந்தால் மதிலுக்கு வெளியிலேயே மாற்றிவிடுங்கள். உள்ளே போய் மாட்டிக்கொண்டபின் அது நடக்காது.

கடினநிலையைச் சண்டைக்கும் ஸ்டெல்த்துக்கும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். ஸ்டெல்த்தை இப்போதைக்கு நடுநிலையில் விடுங்கள். மேலே சொன்னவை கைக்கு வந்தபின் மிக உயர்ந்த நிலைக்கு மாற்றினால், காவலர்கள் கூரைகளையும் நிமிர்ந்து பார்க்கத் தொடங்குவார்கள்; அப்போதுதான் இருளின் பயன் முழுமையாக விளங்கும். சண்டையைக் குறைந்த நிலையில் வைத்துக்கொள்வதில் எந்த இழுக்கும் இல்லை.

தொடர்ந்து ஆடலாமா என்ற கேள்விக்கு என் பதில் ஆம் என்பதுதான், சில குறைகளைத் தெரிந்துகொண்டு ஆடுவதாக இருந்தால். மலைச்சரிவுகளில் அடர்ந்த காடு வழிமறிக்கிறது. குறுக்கு வழி என்று நம்பிப் போனால் சறுக்கிக்கொண்டே இருப்பீர்கள், சாலையிலேயே போங்கள். கதையின் எதிரிகளான முகமூடிக் கூட்டத்தை எந்த வரிசையிலும் வேட்டையாடலாம் என்ற சுதந்திரத்துக்காகக் கதையின் நடுப்பகுதி தொடர்ச்சியை இழந்திருக்கிறது. சிறு கோட்டைகள் பல ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. அவை அனைத்தையும் முடித்தே தீர வேண்டும் என்று எண்ணினால் சலிப்பு வந்துவிடும். ஆனால் 2025 மார்ச் 20-இல் வெளியான இந்த விளையாட்டு, ஒளியையும் ஒலியையும் பருவத்தையும் ஒரே கணக்கில் கோத்த விதத்தில், ஸ்டெல்த் என்று மட்டும் பார்த்தால் இந்தத் தொடரின் திறந்த உலக விளையாட்டுகளில் மிகச் சிறந்தது என்று நான் கருதுகிறேன்.

அடுத்து எங்கே போவது என்பதைப் பொறுத்தவரை, வரைபடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் குறித்திருக்கும் லெவலைப் பார்த்து, உங்கள் லெவலுக்கு மேற்பட்ட பகுதிகளை இப்போது தொடாதீர்கள். வரைபடத்தில் இலக்கைத் தேட அனுப்பும் ஒற்றர்களை, அது இருக்குமிடம் தெளிவாகத் தெரியாத வேட்டைகளுக்கு மட்டும் அனுப்புங்கள். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், குறிப்புகளைப் படித்து நீங்களே கண்டுபிடிக்கக்கூடிய இடங்களுக்கு அவர்களைச் செலவழித்துவிட்டால் பிறகு தட்டுப்பாடு வரும். அவாஜித் தீவில் நடக்கும் கூடுதல் அத்தியாயம் 2025 செப்டம்பரில் வந்தது; அது நவோயேவின் கதையைத் தொடர்வதால், முதன்மைக் கதையை முடித்தபின் அதற்குப் போவதே பொருத்தம். அங்கே அவளுக்கு நீள்கோல் ஒன்றும் புதிய ஆயுதமாகக் கிடைக்கிறது.