பசுமை வாழ்க்கைக்குக் கூடுதல் செலவா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூங்கில் பல்துலக்கி, இயற்கைச் சோப்பு, கண்ணாடி ஜாடிகள் என்று ஆறு மாதமாகச் சூழலுக்கு உகந்தவையாகப் பார்த்து வாங்கி வருகிறோம். மாதச் செலவு ஏறியதே தவிர, மின்கட்டணம் குறைந்தபாடில்லை. எங்கே தவறு செய்கிறோம்?
– வாசகி, திருச்சி

பதில்: தாங்கள் வாங்கிய பொருட்களில் குற்றம் இல்லை, அவற்றை வாங்கியதனால் வீட்டில் வேறு எந்தச் செலவும் குறையவில்லை, அவ்வளவுதான். ‘பசுமை’ என்று முத்திரை குத்தி விற்கப்படும் புதுப் பொருளைக் காட்டிலும், சமையலறையில் ஏற்கெனவே இருக்கும் மளிகை டப்பாவை அது உடையும்வரை பயன்படுத்துவதே மேல் என்பது என் கருத்து. பணம் மிச்சமாக வேண்டுமென்றால், மீட்டர் ஓடும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று இரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். குளிர்பதனப் பெட்டி உட்பட எல்லாவற்றின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, ரிமோட்டில் மட்டும் அணைக்கும் தொலைக்காட்சியையும் செட்டாப் பாக்ஸையும் வழக்கம்போல் அப்படியே விட்டுவிட்டு, மின் மீட்டரின் முன் நில்லுங்கள். அதில் சிவப்பு விளக்கொன்று சிமிட்டும். மீட்டரின் முகத்தில் 3200 என்று அச்சிட்டிருந்தால், அந்த விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். எல்லாம் அணைந்திருப்பதாக நாம் நினைக்கும் வேளையில் அது நிமிடத்துக்கு ஒருமுறை சிமிட்டினால், ஏறக்குறைய 19 வாட் மின்சாரம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்தில் அது 27 யூனிட். என் வீட்டில் இதைச் செய்து பார்த்த அன்றுதான் செட்டாப் பாக்ஸின் சுவிட்சைச் சுவரிலேயே அணைக்கும் பழக்கம் எங்களுக்கு வந்தது.

அடுத்தது மின்விசிறி. பழைய மின்விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை மோட்டார் பொருத்தியது சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் சுழலும் கூடத்து மின்விசிறி ஒன்றை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுகிற கட்டண முறை நம்முடையது என்பதால், குறைகிற யூனிட் மேல்படியின் விலையில் கழிகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், எப்போதோ விருந்தினர் வந்தால் மட்டும் ஓடும் அறையின் மின்விசிறியை இதற்காகக் கழற்ற வேண்டாம். போட்ட காசு திரும்ப வராது. ஏ.சி. வைத்திருப்போர் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று, சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியீடு வழங்கும் பி.இ.இ. அமைப்பு சொல்கிறது. சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கும்போது கீசரைப் போடுகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?

கேள்வி: எரிவாயு உருளை முன்பைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. சமைக்கும் அளவு கூடவில்லை. காரணம் என்ன?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில் பாத்திரங்களின் அடியைப் பாருங்கள். கரி பிடித்திருந்தால், பர்னரின் துளைகள் அடைபட்டுச் சுடர் நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிகிறது என்று அறியலாம். பர்னரைக் கழற்றி ஊசியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, நன்றாக உலர்த்திப் பொருத்துங்கள். அடியைத் தாண்டிப் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறும் தீ, அடுப்படியைச் சூடாக்குமே தவிர, குழம்பைக் கொதிக்க வைக்காது. பருப்பை ஒரு மணி நேரம் ஊற வைப்பதும், கொதி வந்ததும் தீயைத் தணிப்பதும் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்தவையே. விறகு பொறுக்கிய கைகளுக்கு எரிபொருளின் அருமை தெரிந்திருந்தது.

கேள்வி: ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றினோம். துளசியும் கறிவேப்பிலையும் இலை நுனி கருகி வாடுகின்றன. நல்லது செய்யப் போய் இப்படியானது ஏன்?
– வாசகி, தாம்பரம்

பதில்: தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள், அது உப்பு. குடிக்கும் ஒரு லிட்டருக்காகப் பெரும்பாலான வீட்டு இயந்திரங்கள் மூன்று லிட்டரை வெளியேற்றுகின்றன. நாம் குடிக்காமல் தவிர்த்த உப்பெல்லாம் அந்த மூன்று லிட்டரில்தான் சேர்கிறது. நிலத்தில் வேரூன்றிய மரம் ஓரளவு தாங்கும். சிறு தொட்டி தாங்காது. அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும், தரை துடைக்கவும் பயன்படுத்துங்கள். செடிகளுக்கு அரிசி களைந்த கழுநீரும் காய்கறி கழுவிய நீரும் போதும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: உங்களுக்கு அந்த இயந்திரம் தேவைதானா? குடிநீரில் கரைந்துள்ள உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணயம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். உங்கள் வீட்டுக்கு ஆழ்குழாய் நீர் என்றால் இயந்திரம் தேவைப்படலாம். உப்பு குறைந்த ஆற்று நீர் குழாயில் வரும் வீடுகளில் காய்ச்சி வடிகட்டுவதே போதுமானது. அவ்விடங்களில் ஆண்டுதோறும் மெம்பரேனுக்கும் ஃபில்டருக்கும் கொடுக்கும் பணம் வீண் செலவே.

கேள்வி: கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகளே நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. என்ன செய்வது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டை வாசல் ஆணியிலும், ஒன்றை ஸ்கூட்டர் பெட்டியிலும் வையுங்கள். மீதியைத் தெருமுனைக் காய்கறிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பை இல்லாமல் வருகிறவர்களுக்கு அவர் கொடுப்பார்.