மாணவர் முன் நின்றது எத்தனை மணி?

பாம்பன் வாசகர்: ஆங்கில இலக்கியப் பட்டமும், ஆங்கிலம் கற்பிப்பதற்கான 120 மணி நேர இணையச் சான்றிதழும் இருக்கின்றன. வியட்நாமில் ஆங்கிலப் பயிற்சி ஆசிரியராகச் சேர இவை போதாவா?

அந்த 120 மணியில் மாணவர் முன் நீங்கள் நின்றது எத்தனை மணி என்று எழுதவில்லை. எழுதாததிலிருந்தே விடை தெரிகிறது. ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றும் கேம்பிரிட்ஜின் செல்டா (CELTA) படிப்பும் ஏறத்தாழ 120 மணிதான், அதே வகையான டிரினிட்டியின் செர்ட்டீசால் (CertTESOL) சற்றுக் கூடுதல். ஆனால் இரண்டிலும் உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்தியாக வேண்டும். பயிற்றுநர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்து, பிறகு உடன் பயில்வோர் முன்னிலையிலேயே குறைகளை எடுத்துச் சொல்வார். அந்த ஆறு மணியைக் கழற்றிவிட்டு, 120 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இணையத்தில் சிலர் மலிவு விலையில் விற்கிறார்கள். நம் பிள்ளைகளும் வாங்கிக் குவிக்கிறார்கள். வலை இழுப்பதைக் கைப்பேசியில் பார்த்தவனை வள்ளத்தில் ஏற்றிக்கொள்ளும் சம்மாட்டி நம் கரையில் உண்டா? வியட்நாமில் பணி அனுமதிக்குப் பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் கேட்பார்கள். உங்கள் தாள் அந்த அலுவலகத்தில் ஒருவேளை செல்லலாம், முதல் நாள் வகுப்பில் செல்லாது. செல்டாவுக்குப் பணம் சேரும் வரை, ராமேசுவரத்துச் சுற்றுலா வழிகாட்டிகள் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு மாலையில் வகுப்பெடுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்திட்டம் எழுதி, தேதியிட்டு வைத்திருங்கள்.

கீழக்கரை வாசகர்: சுற்றுலா விசாவில் தாய்லாந்து போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் முகவர்.

போகாதீர்கள். இதை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அந்த முகவர் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். ஆசிரியர் வேலை என்று அழைத்துப் போய், எல்லைப்புற இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவிட்டால் மீட்பது எளிதன்று.

தொண்டி வாசகர்: தென்கொரியா?

மொழிப் பயிற்றுநருக்கான இ-2 விசா பொதுவாக ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஏழு நாட்டவருக்கு உரியது; அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

தேவிபட்டினம் வாசகி, தற்போது பாங்காக்கில் பயிற்சியில்: 'புரிந்ததா?' என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பயிற்சித்தாளில் எல்லாம் தவறாக இருக்கிறது.

அப்படிக் கேட்பதை நிறுத்துங்கள் அம்மா. முன்பு வழக்கமாக இருந்து இப்போது இல்லாததைச் சொல்லும் 'யூஸ்டு டு' (used to) நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா முன்பு வள்ளம் ஓட்டினார் என்ற வாக்கியத்தைப் பலகையில் எழுதி, 'இப்போதும் ஓட்டுகிறாரா?', 'ஒரு நாள் மட்டும் ஓட்டினாரா, பல நாளா?' என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். பதில் தவறினால் புரியவில்லை என்று பொருள். தலையாட்டலுக்கு அங்கே இடமே இல்லை. கேட்டபின் ஐந்து நொடி பேசாமல் நில்லுங்கள். நம்மூர் ஆசிரியர்களுக்கு அந்த ஐந்து நொடிதான் பெரும்பாடு.

பெயர், ஊர் இல்லாத கடிதம்: வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலை வேண்டும், உதவவும்.

வயது, படிப்பு, நாடு எதுவும் இல்லாமல் நான் எதற்கு உதவுவது? மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

மண்டபம் வாசகர்: பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும்; கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுமையாக இருக்கிறது. சிக்கலாகுமா?

ஆகலாம். வெளிநாட்டு அதிகாரிக்கு 'எம்.' என்பது உங்கள் தந்தை என்று தெரியாது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் இப்போதே வாங்கி, அந்த நாட்டுத் தூதரகம் அதை ஏற்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சான்றொப்பத்துக்குப் பட்டத்தை அனுப்புவது அதற்குப் பிறகுதான். சுற்றுலா விசா எண்ணம் உங்களுக்கும் இருந்தால், கீழக்கரைக்காரருக்கு எழுதியதைப் படித்துக்கொள்ளுங்கள்.