காரின் பின்பக்க கன்ட்ரோல் ஆர்மை மாற்றினால் ஓட்டம் ஏன் மாறுகிறது?

கன்ட்ரோல் ஆர்ம் என்பது சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைத்து, அது மேலும் கீழும் அசையும்போது எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உலோகக் கை. கதவுக்குக் கீல் எப்படியோ, சக்கரத்துக்கு இது அப்படி. 1990களின் ஹோண்டா சிவிக்கில் ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தினால், பின்சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் வழவழவென்று தேயும். நீளத்தைத் திருகிக் கூட்டவல்ல மேல் ஆர்ம் அந்தச் சாய்வைக் குறைக்கிறது. ஆர்மின் முனையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையமான புஷ் நைந்திருந்தால், திருகு தளர்ந்த கீலில் கதவு ஆடுவதுபோல், வளைவில் காரின் பின்பகுதி அலையும். ரப்பரைவிடக் கடினமான பாலியூரித்தேன் புஷ் அதை அடக்கும், கூடவே அதிர்வையும் இரைச்சலையும் உள்ளே கொண்டுவரும்; அன்றாட ஓட்டத்துக்குப் புதிய ரப்பரே போதும் என்பேன். பளபளக்கும் அலுமினிய ஆர்மைப் பூட்டினாலே சாலையில் டயரின் பிடிப்பு கூடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வீல் அலைன்மென்ட் செய்து கோணத்தைச் சரிபார்க்காவிட்டால், கார் முன்பைவிட மோசமாகவும் ஓடக்கூடும்.