பாம்புக்கு உயிருள்ள எலி கொடுக்கும்போது

கேள்வி: பயிரோடு சேர்த்து முயலும் வெள்ளை எலியும் வளர்க்கிறேன். பால் பைத்தான் எனப்படும் பந்து மலைப்பாம்பு ஒன்றும் என்னிடம் இருக்கிறது. எடை ஒன்றேகால் கிலோ. செத்த எலியை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, உயிருள்ளதைத்தான் எடுக்கும். நேற்று இரவு பெரிய எலி ஒன்றைக் கூண்டில் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் எலி ஓடிக்கொண்டிருக்கிறது, பாம்பின் முதுகில் இரண்டு இடத்தில் சதை தெரியும்படி கடித்து வைத்திருக்கிறது. காயத்துக்கு என்ன செய்வது? இனிமேல் உயிர் இரையை ஆபத்தில்லாமல் கொடுக்க என்ன வழி? வயலில் பொறியில் விழும் எலிகளைக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் காயத்தைப் பார்ப்போம். மற்றதெல்லாம் அப்புறம். சதை தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இது வீட்டு வைத்தியத்தோடு நிற்கிற காயம் அல்ல. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் இன்றே கொண்டுபோங்கள். எலியின் முன்பற்கள் உளி மாதிரி. மேலே தெரிகிற ஓட்டை சின்னதாக இருந்தாலும் கிருமி ஆழத்தில் போய் உட்கார்ந்திருக்கும், நாலைந்து நாள் கழித்துத்தான் வீங்கிச் சீழ் வைக்கும். கண்ணிலோ வாயிலோ கடி பட்டிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கும்வரை கூண்டிலிருக்கும் மரத்தூள், தேங்காய் நார் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு வெறும் வெள்ளைக் காகிதத்தை விரித்து வையுங்கள். போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, பால் சேர்க்காத லேசான டீயின் நிறத்துக்கு வந்ததும் அதைக் காயத்தின் மேல் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். தேய்க்கக் கூடாது. நமக்குப் போடுகிற, வலியை மரக்கச் செய்யும் மருந்து கலந்த களிம்பைத் தடவாதீர்கள்; ஊர்வனவற்றுக்கு அது ஆபத்து. பாம்பு முழுசாக இறங்கிப் படுக்கிற அளவு பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தால், இப்போதைக்குக் குடிக்க மட்டும் போதுமான சின்னக் கிண்ணமாக மாற்றுங்கள். கூண்டின் வெப்பமான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். பாம்புக்குச் சொந்தமாக உடல் சூடு கிடையாது, காயம் ஆறுவதும் நோயை எதிர்ப்பதும் அந்தச் சூட்டை நம்பித்தான் இருக்கிறது. ஆழமான எலிக்கடி முழுசாக மூடப் பல மாதம் ஆகும். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும். பொருக்கு கட்டினால் பிய்க்காமல் விட்டுவிடுங்கள்.

இனி, இது ஏன் நடந்தது என்பது. பாம்பு எலியைத் தின்னும், அதனால் எலியால் பாம்பை ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பசிக்காத பாம்பு எலியோடு சண்டை போடாது. தலையை உடம்புச் சுருளுக்குள் வைத்துக்கொண்டு அப்படியே சுருண்டு கிடக்கும். எலியோ தப்பிக்க இடமில்லாமல், தின்னவும் குடிக்கவும் எதுவும் இல்லாமல், இரவு முழுக்க அந்தப் பெட்டியிலேயே சுற்றுகிறது. எலியின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பது அதன் இயல்பு. அந்தப் பெட்டிக்குள் அதற்குக் கிடைக்கிற ஒரே சதை உங்கள் பாம்பின் முதுகுதான். முதுகெலும்பு வெளியே தெரியும் அளவுக்குக் கடிபட்ட பாம்பை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதைக் கொண்டுவந்தவரும் உங்களைப் போலவே நல்லெண்ணத்தோடு, ‘ராத்திரி சாப்பிட்டுக்கொள்ளும்’ என்று விட்டவர்தான். அந்தப் பாம்பு பிழைக்கவில்லை.

ஆகவே உயிர் எலி கொடுப்பதென்றால், அது முடியும்வரை நீங்கள் எழுந்து போகக் கூடாது. போன் வந்தாலும் கூடாது. 15 நிமிடம், அதிகம் போனால் 20 நிமிடம். அதற்குள் எடுக்காவிட்டால் எலியை வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். நல்ல உடம்போடு இருக்கிற பெரிய பந்து மலைப்பாம்பு ஒரு வேளை தவறவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. மாதக்கணக்கில் தின்னாமல் இருந்துவிட்டு, தானாகவே மறுபடி தின்னத் தொடங்குகிற இனம் அது.

எலியை உள்ளே விடுவதற்கு முன்பே பாம்பைப் பார்த்துப் பசி இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். பசித்த பாம்பு இருட்டத் தொடங்கியதும் பதுங்குபெட்டியின் வாசலில் தலையை மட்டும் நீட்டிக் காத்திருக்கும். எலியின் வாடை பட்டதும் நாக்கு நீளமாக, நிதானமாக வெளியே வந்து மேலும் கீழும் அசையும். கழுத்து மெல்ல மெல்லப் பின்னுக்கு மடிந்து வளையும், தலை எலி போகிற பக்கமே திரும்பும். இதைப் பார்த்தால் கொடுக்கலாம். பந்து மாதிரி சுருண்டு கிடந்தாலோ, எலி நெருங்க நெருங்கத் தலையை இழுத்துக்கொண்டாலோ, அன்றைக்கு வேண்டாம். கண் நீலம் பாய்ந்து மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது பார்வையும் சரியாக இருக்காது, தோலும் மென்மையாக இருக்கும். அந்த நாட்களில் உயிர் எலியை உள்ளே விடுவது கடி வாங்கிக் கொடுப்பதற்குச் சமம்.

எலியின் அளவில்தான் நீங்கள் இன்னொரு தப்பு செய்திருக்கிறீர்கள். பாம்பின் உடம்பு எந்த இடத்தில் அதிகப் பருமனோ, இரையின் பருமன் கிட்டத்தட்ட அவ்வளவு இருந்தால் போதும். ஒன்றேகால் கிலோ பாம்புக்கு 60 முதல் 80 கிராம் எலி தாராளம். நீங்களே எலி வளர்ப்பதால் இது சுலபம். குட்டி 21 நாளில் பால் மறக்கும். அதிலிருந்து ஒன்றிரண்டு வாரத்தில் இந்த எடைக்கு வந்துவிடும். நன்றாக வளர்ந்த ஆண் எலியையோ குட்டி போட்ட தாயையோ உயிரோடு ஒருபோதும் கொடுக்காதீர்கள். கண் திறக்காத குட்டிகளால் கடிக்க முடியாது, அதனால் குட்டிப் பாம்புகளுக்கு அவற்றைக் கொடுப்பதில் இந்த ஆபத்தே இல்லை. இரண்டு வாரத்தில் கண் திறந்துவிடும். பல்லை நினைத்துக் கவலைப்பட வேண்டிய காலம் அங்கிருந்து ஆரம்பிக்கிறது.

கொடுக்கும் அன்று எலிக்கு வயிறு நிறையத் தீனியும் தண்ணீரும் வையுங்கள். வயிறு நிறைந்த எலி பசித்த எலியைவிட அமைதியாக இருக்கும், பாம்புக்கும் சத்து. கூண்டிலிருக்கும் பதுங்குபெட்டி, கிளை, கல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தரை வெறுமையாக இருக்கட்டும். பாம்பு பெட்டிக்குள் முடங்கி இருக்கும்போது எலியும் உள்ளே நுழைந்துவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. ஒரு முழ நீளத்துக்குக் குறையாத இடுக்கி வைத்திருங்கள். எலியின் வாலை நுனியில் பிடிக்காமல் உடம்போடு சேரும் அடிப்பகுதியில் பிடித்து, பாம்புக்கு எதிரே ஒரு சாண் தள்ளி, எலியின் முகம் பாம்பைப் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கும்படி இறக்குங்கள். கையால் நீட்டாதீர்கள். பந்து மலைப்பாம்பின் உதட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன அல்லவா, அவை சூட்டை உணர்கிறவை. உங்கள் கையும் எலியைப் போலவே சூடாக இருக்கிறது, போதாததற்கு எலி வாடையும் சேர்ந்திருக்கிறது.

பிடி எப்படி விழுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பாம்பு தலையையோ தோளையோ கவ்வி உடனே சுற்றிக்கொண்டால், எலியின் வாய் சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும். இறுக்கியதும் மூச்சுத் திணறித்தான் சாகிறது என்று நெடுங்காலம் சொல்லி வந்தோம். 2015-ல் இதே போல இறுக்கிக் கொல்கிற போவா என்ற பாம்புகளை வைத்துச் செய்த ஆய்வு, நொடிக்கணக்கில் ரத்த ஓட்டமே நின்று போகிறது என்று காட்டியது. அதனால் நல்ல பிடியில் எலி மிகச் சீக்கிரம் அடங்கிவிடும். பின்பக்கத்தையோ வயிற்றையோ கவ்விவிட்டால் நிலைமை வேறு. எலியின் தலையும் முன்கால்களும் வெளியே இருக்கும், அது திரும்பிக் கடிக்கும். அந்த நேரத்தில் பாம்பை இழுத்துப் பிரிக்க முயலாதீர்கள். வளைந்த பாம்புப் பல் உடைந்துவிடும், வாயும் கிழியும். பென்சில் அளவு மரக்குச்சி ஒன்றைத் தயாராக வைத்திருந்து எலியின் வாயில் கொடுங்கள். எலி அதைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருக்கும், பாம்பு இறுக்கி முடிக்கும்வரை குச்சி அங்கேயே இருக்கட்டும். இந்த ஒரு குச்சி பல பாம்புகளின் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறது.

எலியைத் தரையில் அடித்து மயக்கிக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், பல்லை வெட்டிவிடலாம் என்றும் சொல்வார்கள். இரண்டையும் செய்யாதீர்கள். அரை மயக்கத்தில் இருக்கிற எலி நடுவில் விழித்துக்கொண்டால் முன்னைவிட மோசமாகக் கடிக்கும். எலிக்கும் அது வீண் சித்திரவதை. உங்கள் கையில் வளர்கிற உயிர், தேவையில்லாமல் அது நோக வேண்டாம்.

விழுங்கி முடித்ததும் கூண்டை மூடிவிட்டு இரண்டு நாள் பாம்பைத் தொடாதீர்கள். தொட்டால் கக்கிவிடும். சூடு குறைந்தாலும் கக்கும். கக்கினால் இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, அடுத்த முறை பாதி அளவு இரை வையுங்கள். இரண்டாவது முறையும் கக்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். தனிப் பெட்டிக்கு மாற்றித் தீனி கொடுப்பதை நான் சொல்வதில்லை. தின்ற கையோடு தூக்கித் திரும்ப வைப்பதே கக்குவதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது. இரண்டு பாம்பு இருந்தால் மட்டும் கட்டாயம் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரே எலியை இரண்டும் இரு பக்கம் கவ்வினால் ஒன்று மற்றதையும் சேர்த்து விழுங்கப் பார்க்கும்.

வயல் எலி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். வயலிலோ பக்கத்து வயலிலோ யாராவது எலி மருந்து வைத்திருப்பார்கள். புரோமடியலோன் போன்ற ரத்தம் உறையாமல் செய்யும் மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள் நடமாடிக்கொண்டுதான் இருக்கும். பொறியில் விழும்போது பார்த்தால் நல்ல எலி மாதிரிதான் தெரியும். அந்த விஷம் அதன் ஈரலில் இருக்கிறது, அங்கிருந்து பாம்புக்குப் போகும். மருந்தே வைக்காத வயலாக இருந்தாலும் உண்ணி, குடற்புழு, எலிக்காய்ச்சல் கிருமி எல்லாம் வயல் எலியோடு வரும். எலிக்காய்ச்சல் உங்களையே படுக்கப்போடுகிற நோய். காட்டில் வளர்ந்த எலி பண்ணை எலியைவிட மூர்க்கமாகவும் கடிக்கும். உங்கள் வெள்ளை எலிகளின் தீனிப் பக்கத்துக்குக்கூட வயல் எலி வராதபடி வலை அடித்து வையுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாம்பைச் செத்த எலிக்குப் பழக்கிவிடுங்கள். செத்த எலி கடிக்காது. வேளாவேளைக்கு உட்கார்ந்து காவல் காக்க வேண்டாம், எலியும் பயந்து சாக வேண்டாம். திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்கிறீர்கள். அநேகமாக நீங்கள் கொடுத்தது ஆறிப்போன எலியாக இருந்திருக்கும். சூடில்லாத எலி அந்த உதட்டுக் குழிகளுக்கு ஒரு கல் மாதிரிதான். முதல் சில முறை, அப்போதுதான் கொன்ற, உடம்புச் சூடு ஆறாத எலியைக் கொடுங்கள். வலியில்லாமல் கொல்லும் முறையை மருத்துவரிடம் நேரில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்; உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது கொடுமை, அதைச் செய்யவே கூடாது. சூடு ஆறாத செத்த எலியை எடுக்கப் பழகியதும் உறைய வைத்ததற்கு மாறலாம். உறைந்த எலியை முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் பையோடு சுடுதண்ணீரில் கால் மணி நேரம் வைத்தால் போதும். வயிற்றை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே ஐஸ் கட்டி தட்டுப்படக் கூடாது. தொட்டால் நம் உடம்பைவிடக் கொஞ்சம் சூடாக, தலைப்பக்கம் இன்னும் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். மைக்ரோவேவில் வைக்காதீர்கள், வயிறு வெடித்துவிடும். இருட்டிய பிறகு இடுக்கியால் பிடித்து, எலி நடப்பது போலக் கொஞ்சம் நகர்த்தி நிறுத்துங்கள், மறுபடி நகர்த்துங்கள். எடுக்காவிட்டால் பதுங்குபெட்டி வாசலில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிடலாம். இரவு முழுக்க நிம்மதியாக விட்டுவிட்டுத் தூங்கக்கூடிய இரை இது ஒன்றுதான். காலையில் அப்படியே கிடந்தால் தூக்கி எறியுங்கள், திரும்ப உறைய வைக்காதீர்கள்.

எலியையோ பாம்பையோ தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உறைய வைத்தாலும் சால்மோனெல்லா சாவதில்லை. வீட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் அந்த ஃப்ரீசரில் சாப்பாட்டுப் பொருளே வைக்க வேண்டாம்.

இப்போதைக்குக் காயத்தை மருத்துவர் பார்த்து, சரி என்று சொல்லும்வரை எந்த இரையும் கொடுக்காதீர்கள். இன்றைக்கே ஒருமுறை பாம்பை எடை போட்டு எழுதி வையுங்கள், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போடுங்கள். இன்றைய எடையில் 125 கிராம் குறைந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு போய்விட்டால், பட்டினியை அதற்கு மேல் நீட்டாமல் அவரிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.