பவளத்துக்குள் பாசி ஏன் குடியிருக்கிறது?

பவளம் செடியல்ல, சிறு வாயும் உணர்கொம்புகளும் கொண்ட விலங்குகளின் கூட்டம். அவற்றின் செல்களுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்கின்றன. இதுவே கூட்டுயிர் வாழ்க்கை.

காரணம் பசிதான். தெளிந்த வெப்பமண்டலக் கடலில் சத்து மிகக் குறைவு. பாசி வெயிலில் சர்க்கரை தயாரித்துப் பெரும்பகுதியைப் பவளத்துக்குத் தருகிறது. தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட இப்படிக் கிடைக்கும். பவளத்தின் கழிவும் கரியமில வாயுவும் பாசிக்கு உரம். மாடியில் குடியிருப்பவர் வாடகைக்குப் பதில் சமைத்துப் போட, வீட்டுக்காரர் மளிகை வாங்கித் தருவது போல.

கடல்நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட 1 டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பாசி வெளியேறி, பவளம் வெளுக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2016இல் நடந்த இந்த இழப்பு வேதனையானது.

வெளுத்த பவளம் செத்துவிட்டதென்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது பட்டினி கிடக்கிறது; நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும்.