சிகிச்சை முடிந்தும் பயம் போகவில்லை: ஆன்லைன் கவுன்சலிங் கைகொடுக்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 22 வயது. 19 வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. கீமோ கொடுத்தார்கள், கழுத்திலும் நெஞ்சிலும் ரேடியேஷனும் கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை எடுத்த ஸ்கேன் எதிலும் குறையில்லை. ஆனாலும் நாள் முழுக்கக் கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். செக்கப் நெருங்கினால் தூக்கமே வருவதில்லை. எப்போதும் அசதி. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், நான் இன்னும் படிப்பையே முடிக்கவில்லை. "அதுதான் குணமாகிவிட்டதே, இன்னும் என்ன?" என்கிறார்கள் வீட்டில். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில், என் வயதுக்காரர்களுக்காக வாராவாரம் வீடியோ காலில் குழுவாகக் கவுன்சலிங் நடக்கிறது, சேர்ந்துகொள் என்கிறார்கள். திரையைப் பார்த்துப் பேசினால் பலன் இருக்குமா? எனக்கென்று தனி அறையும் கிடையாது.

பதில்: தயங்காமல் சேருங்கள். ஆனால் அதோடு கூடவே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கழுத்தில் ரேடியேஷன் பெற்றவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சகஜம். சிலருக்குச் சில மாதங்களிலேயே குறையும், சிலருக்குப் பல வருடம் கழித்துக் குறையும். அசதி, மந்தம், எதிலும் மனம் ஒட்டாமல் போவது எல்லாம் அதனாலும் வரலாம். தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று உங்கள் ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் உடனே பாருங்கள். மாத்திரையில் சரியாகக்கூடிய ஒன்றை 'என் மனம்தான் பலவீனமாகிவிட்டது' என்று நினைத்துச் சுமக்க வேண்டாம். படியேறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹாட்ஜ்கினுக்கு வழக்கமாகத் தரும் டாக்ஸோரூபிசின் மருந்தும், நெஞ்சில் கொடுக்கும் ரேடியேஷனும் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை.

சரி, பயத்துக்கு வருவோம். சிகிச்சை நடந்தபோது சமாளித்த நீங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஏன் தடுமாறுகிறீர்கள்? இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பதுதான். சிகிச்சைக் காலத்தில் அடுத்த ஊசி, அடுத்த ரிப்போர்ட் என்று நாள் ஓடிவிடும். சுற்றிலும் டாக்டர், நர்ஸ், சொந்தக்காரர்கள் என்று ஆள் இருந்துகொண்டே இருக்கும். ஒருநாள் "இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்" என்று அனுப்பிவிடுவார்கள். நடந்தது என்ன என்று மனம் உட்கார்ந்து யோசிப்பதே அதற்குப் பிறகுதான். ஃபிட்ஸ்ஹ்யூ மல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் 30 வயதைத் தாண்டியதுமே புற்றுநோய்க்கு ஆளானவர். 1985ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதிய கட்டுரையில், சிகிச்சை முடிந்து வரும் காலத்தைத் தனி ஒரு கட்டமாகவே பிரித்துக் காட்டினார். நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் ஆட்டிப்படைக்கும் கட்டம் அது என்று, தான் அனுபவித்ததை வைத்தே சொன்னார். ஆகவே உங்களுக்கு நன்றியில்லை என்றோ தைரியமில்லை என்றோ யாரும் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கழுத்தைத் தடவும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயம் வளர்வதே அங்கேதான். தடவிப் பார்க்கிறீர்கள், கட்டி எதுவும் இல்லை, நிம்மதி வருகிறது. அந்த நிம்மதி சிறிது நேரம்கூட நிற்பதில்லை, மறுபடியும் கை கழுத்துக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் உங்கள் மூளை 'பார்த்ததால்தான் தப்பித்தோம்' என்று கற்றுக்கொள்கிறது. போதாததற்கு, அழுத்தி அழுத்திப் பார்த்தால் அந்த இடமே வலிக்கத் தொடங்கும், அந்த வலி புதுப் பயத்தைக் கொண்டுவரும். எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பலருக்கு மாதம் ஒருமுறை போதும். எதற்கு உடனே வரவேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். இரண்டு வாரமாகியும் கரையாத அல்லது வளரும் கட்டி, காரணம் தெரியாத காய்ச்சல், உடுப்பு நனையும் அளவுக்கு இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, இவை அதில் இருக்கும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஹாட்ஜ்கின் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள்தான் திரும்பும். சுத்தமாக வரும் ஒவ்வொரு ஸ்கேனும் அந்த வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே போகிறது.

இந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது சிபிடி, செய்கிற வேலை. பயம் எப்போது வருகிறது, அப்போது என்ன நினைத்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். தடவாமல் பத்து நிமிடம் இருந்து பாருங்கள், அப்புறம் அரை மணி நேரம் என்று படிப்படியாக நகர்த்துவார்கள். செக்கப்புக்கு முந்தைய வாரத்தை எப்படிக் கழிப்பது என்று முன்கூட்டியே திட்டம் போடுவார்கள். இதற்கெல்லாம் ஒரே அறையில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்தும் இணையவழி சிபிடி, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் நேரில் தரும் சிகிச்சைக்கு ஏறக்குறைய ஈடாகப் பலன் தருகிறது என்று பெரியவர்களிடம் நடந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இளம் வயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் மட்டும் நடந்த ஆய்வுகள் சிறியவை, ஆனால் அணுகுமுறை அதேதான். 'வழிநடத்தும் ஒருவர்' என்பதுதான் இதில் முக்கியம். ஆளே இல்லாமல் ஆப் மட்டும் இருந்தால் பெரும்பாலானோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஆப்பை கூடுதல் துணையாக வைத்துக்கொள்ளலாம், சிகிச்சையாக நம்ப வேண்டாம்.

உங்கள் வயதுக்கு ஆன்லைனில் நேரில் கிடைக்காத ஒரு நன்மையும் உண்டு. புற்றுநோய்ப் பிரிவில் காத்திருக்கும்போது பாருங்கள், ஒருபக்கம் சிறு குழந்தைகள், மறுபக்கம் வயதானவர்கள். இருபதுகளில் இருப்பவர் ஒருவர் கண்ணில் பட்டாலே அபூர்வம். நின்றுபோன படிப்பு, பின்னால் குழந்தை பிறக்குமா என்ற கேள்வி, வேலைக்கான நேர்காணலில் அந்த இடைவெளியை எப்படி விளக்குவது, பிடித்தவரிடம் நோயைப் பற்றி எப்போது சொல்வது, இவற்றையெல்லாம் அதே நிலையில் இருப்பவரிடம்தான் மனம்விட்டுப் பேச முடியும். அப்படிப்பட்டவர்களை வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒன்று சேர்க்க இணையம்தான் வழி. ஆஸ்திரேலியாவில் 'ரீகாப்ச்சர் லைஃப்' என்ற திட்டத்தை இப்படித்தான் அமைத்தார்கள்: 15 முதல் 25 வயதுக்காரர்கள், ஐந்து பேருக்கு மிகாத குழு, உளவியலாளர் ஒருவர், வாரம் ஒருமுறை வீதம் ஆறு வாரம், வீடியோ காலில். மருத்துவமனை வாசனை பட்டாலே வயிற்றைப் புரட்டுகிறவர்களுக்கு அங்கே போகாமலேயே உதவி கிடைப்பதும் சின்ன விஷயமில்லை.

சேரும்முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நடத்துபவர் முறையாகப் பயின்ற உளவியலாளரா, புற்றுநோயாளிகளோடு வேலை செய்திருக்கிறாரா? பேசுவதைப் பதிவு செய்கிறார்களா? குழுவில் ஒருவருக்கு நோய் திரும்பினால், அல்லது யாராவது இறந்துவிட்டால், மற்றவர்களை எப்படித் தாங்குவார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். அப்படி நடக்கும்போது துக்கத்தோடு 'நான் மட்டும் ஏன் பிழைத்தேன்' என்ற குற்ற உணர்வும் சேர்ந்து வரும். அதற்கு அவர்களிடம் தெளிவான பதில் இருந்தால் நல்ல குழு என்று நம்பலாம்.

தனி அறை இல்லாதது உண்மையான சிக்கல்தான். ஹெட்ஃபோன் போட்டால் அவர்கள் பேசுவது வெளியே கேட்காது, நீங்கள் பேசுவது கேட்குமே. வீட்டில் ஆள் குறைவாக இருக்கும் நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். நிறுத்தி வைத்த காரிலோ நண்பர் வீட்டிலோ உட்கார்ந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். யாராவது பக்கத்தில் வந்துவிட்டால் சாட்டில் தட்டச்சு செய்யலாமா என்று முதலிலேயே பேசிவையுங்கள். வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "இன்னும் என்ன?" என்று கேட்பவர்கள் உங்கள் அளவுக்கே பயந்திருப்பார்கள், அந்தப் பேச்சை மறுபடி திறக்க அஞ்சுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு அமர்வில் அவர்களோடும் பேசும்படி உளவியலாளரைக் கேட்கலாம்.

வாழவே பிடிக்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அடுத்த வார வீடியோ காலுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரோடு அவசரப் பிரிவுக்குப் போங்கள். சாப்பிட முடியவில்லை, படுக்கையை விட்டு எழவே மனமில்லை என்று இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். மாத்திரை தேவைப்படலாம். பெற்ற கீமோ, ரேடியேஷன் விவரத்தைக் கையோடு கொண்டுபோனால் இதயத்துக்கு ஒத்துக்கொள்ளும் மருந்தாகப் பார்த்துத் தருவார்.

முதல் அமர்வில் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. நான்கு வாரம் ஆகியும் தூக்கத்திலோ கழுத்தைத் தடவுவதிலோ எந்த மாற்றமும் இல்லையென்றால் உளவியலாளரிடமே சொல்லி, குழுவிலிருந்து தனி அமர்வுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.