கேள்வி-பதில்: த்ரெட்டைக் கூட்டியும் சர்வர் உறைவது ஏன்?

கேள்வி: எங்களிடம் இரண்டு சர்வர்கள். முதலாவது ஆர்பிசி (வேறொரு சர்வரில் உள்ள செயல்பாட்டை அழைத்துப் பதில் வாங்கும் முறை) மூலம் இரண்டாவதை அழைக்கும். இரண்டாவது பதில் சொல்லும் முன் சில விவரங்களுக்காக முதலாவதைத் திருப்பி அழைக்கும். கூட்டம் ஏறினால் இரண்டும் அப்படியே நின்றுவிடுகின்றன, சிபியுவோ சும்மா கிடக்கிறது. த்ரெட் பூலை (வரும் அழைப்புகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துச் செய்யும் த்ரெட்களின் தொகுப்பை) 10-லிருந்து 50 ஆக்கினோம், கொஞ்ச நாள் ஓடியது, மறுபடி அதே கதை. எவ்வளவு வைத்தால் சரியாகும்?

பதில்: எவ்வளவு வைத்தாலும் சரியாகாது. முதல் சர்வரின் 50 த்ரெட்டும் இரண்டாவதன் பதிலுக்காகக் காத்திருக்கின்றன என்று வையுங்கள். அங்கிருந்து திரும்பி வரும் அழைப்பை எடுக்க இங்கே ஆளில்லை, அது வரிசையில் கிடக்கும், அதற்குப் பதில் கிடைக்காமல் இரண்டாவது வாயைத் திறக்காது, அது திறக்காமல் இந்த 50-ம் விடுபடாது. அசல் டெட்லாக்தான் (ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாம் நின்றுவிடுவது), ஆனால் உங்கள் கோடில் லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) என்று எதுவுமே இருக்காது, அதனால்தான் தேடினாலும் சிக்குவதில்லை. உறைந்த நேரத்தில் ஒரு த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் கோடின் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள், எல்லாம் ஒரே ஆர்பிசி வரியில் நிற்பது தெரியும். ஐஸ் என்ற ஆர்பிசி சாஃப்ட்வேரில் நாம் மாற்றாதவரை சர்வர் பூலின் அளவு 1, ஆகவே அங்கே இந்தக் கோளாறு முதல் சோதனையிலேயே பல்லைக் காட்டிவிடும். என்னைக் கேட்டால் அதுதான் நல்லது.

திரும்பி வரும் அழைப்புகளுக்கு மட்டும் தனி பூல் வைக்கலாம், அவை மேற்கொண்டு யாரையும் அழைத்துக் காத்திருக்காதவரை தாங்கும். முதல் அழைப்பை அசிங்க்ரனஸ் (பதிலுக்குக் காத்து நிற்காத அழைப்பு) ஆக்கினால் த்ரெட் உடனே விடுபடும், ஆனால் கோடை நிறையவே மாற்ற வேண்டியிருக்கும். அதைவிட, அந்த விவரங்களை முதல் அழைப்போடே அனுப்பிவிட்டால் திருப்பிக் கேட்கும் வேலையே இல்லையே! டைம்-அவுட் (இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருக்காதே என்ற வரம்பு) அவசியம் வையுங்கள், ஆனால் அது முடிச்சை அறுக்கும், மறுபடி விழாமல் தடுக்காது.

கேள்வி: பூலே வேண்டாம், கிளையன்ட்டுக்கு ஒரு த்ரெட் கொடுத்தால்?

பதில்: சில நூறு கிளையன்ட் என்றால் தாராளமாகச் செய்யலாம், கோடும் எளிமையாக இருக்கும். ஆயிரக்கணக்கில் போனால், சும்மா இருக்கும் கனெக்‌ஷனும் ஒரு த்ரெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 64-பிட் லினக்ஸில் ஜாவா த்ரெட் ஒன்றின் ஸ்டாக்குக்கு (அது வேலை செய்யப் பிடிக்கும் நினைவக இடத்துக்கு) மட்டும் வழக்கமாக 1 எம்பி வரை ஒதுக்கிவைப்பார்கள். கோ மொழியின் இலகுவான த்ரெட்டான கோரூட்டீன் 2 கேபி ஸ்டாக்கில் தொடங்கும், 2023-ல் வந்த ஜாவா 21-லும் அதுபோல இலகுவான விர்ச்சுவல் த்ரெட் உண்டு, சரி. ஆனால் த்ரெட் மலிவானால் டேட்டாபேஸ் கனெக்‌ஷனும் மலிவாகிவிடாது, நெரிசல் அங்கே போய் நிற்கும். அந்த இடத்தில் ஒரு செமஃபோர் (ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் நுழையலாம் என்று கட்டுப்படுத்துவது) போட்டு வையுங்கள்.